ஐந்து காசில் எழுந்த ஆகாய மாளிகை

நியூயார்க் நகரத்தின் தெற்கு மூலையில் வால் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அமெரிக்காவின் பணப்பெட்டி என்று அதைச் சொல்லலாம். பங்குச் சந்தை அங்கேதான் இருக்கிறது. பெரிய பெரிய பாங்குகள் அங்கேதான் வளர்ந்தன.

அந்தத் தெருவிலிருந்து பிராட்வே என்னும் சாலை வழியாக வடக்கே சிறிது தூரம் நடந்தால் ஒரு பூங்கா வரும். பூங்காவுக்குள் நகரசபை மண்டபம் இருக்கிறது. அதற்கு எதிரே, சாலையின் மேற்குப் பக்கத்தில், ஒரு கட்டிடம் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதன் உச்சியைப் பார்க்க வேண்டுமானால், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும்.

பாலாடை நிறத்தில் சுவர். உச்சியில் பச்சை நிறக் கூம்பு. மாடிகள் 57. உயரம் 792 அடி.

இதுதான் உல்வொர்த் கட்டிடம். 1913-ம் ஆண்டு இதைத் திறந்தார்கள். மக்கள் இருந்து வேலை செய்யும் கட்டிடங்களில் உலகத்திலேயே இதுதான் உயரமானது என்ற பெயர், 1930-ம் ஆண்டு வரை இதற்கு இருந்தது. இதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள்.

இவ்வளவு பெரிய மாளிகையைக் கட்டியவர் யார்? ஏதோ ஒரு ராஜாவா? எண்ணெய்க் கிணறுகளுக்குச் சொந்தக்காரரா? இல்லை. ஊசியும் சீப்பும் பொத்தானும் விற்ற ஒரு கடைக்காரர்!

அவர் கடையில் எதை எடுத்தாலும் ஐந்து சென்ட். பிறகு பத்து சென்ட். ஒரு டாலருக்கு நூறு சென்ட். அப்படியானால் ஐந்து சென்ட் எவ்வளவு சின்னக் காசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்னக் காசை மதித்து ஒருவர் கோடீஸ்வரர் ஆன கதை இது. அந்தக் கோடிகளுக்காக வேறு சிலர் பட்ட பாடும் இந்தக் கதையில் உண்டு.

மாடு படுத்த இடம்

பிராங்க் உல்வொர்த் 1852-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி பிறந்தான். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள ராட்மன் என்ற சிற்றூர்தான் அவன் பிறந்த இடம். தகப்பனார் பெயர் ஜான். தாயார் பெயர் பேனி. பிராங்குக்கு ஒரு தம்பி. அவன் பெயர் சம்னர்.

தகப்பனார் குடியானவர். உருளைக்கிழங்கு பயிரிட்டார். பசு மாடுகள் வளர்த்தார். பாடுபட்டால் சாப்பாட்டுக்கு உண்டு. கையில் காசு மிஞ்சாது. அப்படிப்பட்ட குடும்பம்.

அந்தப் பகுதியில் குளிர் மிகவும் கடுமை. விடியற்காலையில் அண்ணனும் தம்பியும் எழுந்து மாடு ஓட்டப் போவார்கள். காலில் செருப்பு கிடையாது. தரையில் கால் வைத்தால் விறைத்துப் போகும். அப்போது அவர்கள் ஒரு வேலை செய்வார்கள். படுத்திருந்த மாட்டை எழுப்பிவிட்டு, அது படுத்திருந்த இடத்தில் போய் நிற்பார்கள். மாட்டின் உடம்புச் சூடு அந்த மண்ணில் கொஞ்சம் இருக்கும். அந்தச் சூட்டில் பாதங்களைக் காய்ச்சிக்கொள்வார்கள். பெரிய பணக்காரர் ஆன பிறகும் உல்வொர்த் இதை மறக்கவில்லை. பலரிடமும் சொல்லியிருக்கிறார்.

வயல் வேலை பிராங்குக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் தம்பியோடு கடை வைத்து விளையாடுவதுதான் பிடிக்கும். மேசைமேல் சாமான்களைப் பரப்பி வைப்பான். ஒருவன் கடைக்காரன், மற்றவன் வாங்குகிறவன். என்றைக்காவது உண்மையான கடையில் நிற்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

சம்பளம் இல்லாத வேலை

பக்கத்தில் இருந்த பெரிய ஊர் வாட்டர்டவுன். அங்கே ஒரு வியாபாரப் பள்ளியில் சிறிது காலம் கணக்கு எழுதப் படித்தான். பிறகு வேலை தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினான். கிராமத்துப் பையனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

கடைசியில் 1873-ம் ஆண்டு ஒரு ஜவுளிக் கடையில் இடம் கிடைத்தது. அந்தக் கடையின் பங்காளிகளில் ஒருவர் வில்லியம் மூர். அவர் போட்ட நிபந்தனை கடுமையானது. முதல் மூன்று மாதம் சம்பளம் கிடையாது. அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்றரை டாலர். பிராங்க் தங்கியிருந்த இடத்தில் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் வாரத்துக்கு மூன்றரை டாலர். வந்த சம்பளம் வயிற்றுக்கே சரியாகப் போய்விடும்!

அப்போது அவனுக்கு வயது 21. கடையைப் பெருக்கினான். கண்ணாடிகளைத் துடைத்தான். மூட்டைகளைத் தூக்கினான். காலையில் தொடங்கினால் இரவு வரை வேலை.

ஆனால் விற்பனையில் மட்டும் அவன் மிகவும் மோசம். வாடிக்கைக்காரர் எதிரே வந்து நின்றால் நாக்கு எழாது. எது என்ன விலை என்று தடுமாறுவான். கூச்ச சுபாவம்.

ஒரே ஒரு வேலையில் அவன் கெட்டிக்காரன். கடை முகப்பில் துணிகளையும் சாமான்களையும் அழகாக அடுக்கி வைப்பான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பேசத் தெரியாத பையன் சாமான்களைப் பேச வைத்தான்.

அதிகச் சம்பளத்துக்கு ஆசைப்பட்டு வேறொரு கடைக்குப் போனான். அவனுக்கு விற்கத் தெரியவில்லை என்று கண்ட அந்த முதலாளி சம்பளத்தைக் குறைத்துவிட்டார். மனம் உடைந்தது, உடம்பும் கெட்டது. படுத்த படுக்கையாக ஊருக்குத் திரும்பினான். கடை வாழ்க்கை இத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அந்தச் சமயத்தில் அவனுக்குத் துணையாக வந்தவள் ஜென்னி. கனடா நாட்டிலிருந்து வந்த பெண். தையல் வேலை செய்து பிழைத்தவள். 1876-ம் ஆண்டு இருவருக்கும் கல்யாணம் நடந்தது. மறு ஆண்டு மூர் மீண்டும் வேலைக்குக் கூப்பிட்டார்.

எதை எடுத்தாலும் 5 சென்ட்

மூர் கடையில் விலை போகாத சாமான்கள் நிறையக் கிடந்தன. வேறு ஊர்களில் சில கடைக்காரர்கள் இப்படிப்பட்ட சாமான்களை ஒரு மேசைமேல் குவித்து, எல்லாம் ஒரே விலை என்று விற்றுப் பணம் பண்ணுவதாகக் கேள்விப்பட்டார்கள். நாமும் செய்து பார்ப்போமே என்று மூர் நினைத்தார். அது 1878-ம் ஆண்டு.

அலங்காரம் செய்யும் வேலை உல்வொர்த்திடம் வந்தது. அவர் நீளமாக மேசை போட்டார். ஊசி, விரல் உறை, பொத்தான், சோப்பு, தகரத் தட்டு, குழந்தைக்குக் கழுத்தில் கட்டும் துணி என்று எல்லாவற்றையும் பரப்பினார். எதை எடுத்தாலும் ஐந்து சென்ட் என்று எழுதி ஒரு அட்டையை மேலே வைத்தார்.

அப்போது ஊரில் சந்தைக் கூட்டம். ஜனங்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் மேசை காலி!

உல்வொர்த் யோசித்தார். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இத்தனை சாமான் எப்படி விற்றது?

அந்தக் காலத்துக் கடைகளில் சாமான்கள் எல்லாம் விற்பவருக்குப் பின்னால் அலமாரியில் இருக்கும். வாங்க வருகிறவர் இது வேண்டும் என்று கேட்க வேண்டும். அவர் எடுத்துக் காட்டுவார். விலை எழுதியிருக்காது. ஆளைப் பார்த்து விலை சொல்வதும் உண்டு. பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு லாபம். ஏழைகளுக்குக் கேட்கவே கூச்சம். கையில் இருக்கும் காசு போதுமோ போதாதோ என்று பயம்.

இந்த மேசையில் அந்தப் பயம் இல்லை. சாமானைத் தொட்டுப் பார்க்கலாம். புரட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் போகலாம். விலை எல்லோருக்கும் ஒன்று. ஐந்து சென்ட் கையில் இருக்கும் சின்னப் பெண்ணும் அங்கே தலை நிமிர்ந்து நிற்கலாம். கடையில் கூசி நின்ற உல்வொர்த்துக்கு, வாங்க வருகிறவர்களின் கூச்சமும் புரிந்தது. அவர் கண்டுபிடித்த ரகசியம் இதுதான்.

விழுந்து எழுந்த கடை

முழுக்க முழுக்க ஐந்து சென்ட் சாமான்களுக்கு மட்டும் ஒரு கடை வைத்தால் என்ன? மூரிடம் யோசனை கேட்டார். மூர் நல்ல மனிதர். 300 டாலருக்கு மேற்பட்ட சரக்கைக் கடனாகக் கொடுத்தார்.

1879-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி யூடிகா என்ற ஊரில் கடை திறந்தார்கள். தொடக்கத்தில் கூட்டம் வந்தது. நாளாக ஆக ஈ ஓட்டும்படி ஆயிற்று. கடை இருந்த இடம் சரியில்லை. சில மாதங்களில் மூடிவிட்டார்கள்.

வேறொருவராக இருந்தால் இதோடு கும்பிடு போட்டிருப்பார். உல்வொர்த் அப்படிச் செய்யவில்லை. மூரின் கடனைத் தீர்த்தார். வேறு ஊர் தேடினார். பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற ஊர் கண்ணில் பட்டது. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் சிக்கனமான குடியானவர்கள். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் செலவு செய்கிறவர்கள்.

அதே ஆண்டு ஜூன் 21-ந் தேதி லங்காஸ்டரில் கடை திறந்தார். அன்று ஒரே நாளில் ஆன விற்பனை 127 டாலர் 65 சென்ட். எல்லாம் ஐந்து சென்ட் சாமான்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,553 சாமான்கள் விற்றிருக்கின்றன!

பிறகு பத்து சென்ட் சாமான்களையும் சேர்த்தார். தம்பி சம்னரையும் வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்தடுத்து வைத்த கடைகளில் சில நொடித்துப் போயின; சில நிமிர்ந்து நின்றன. எது போயிற்று, எதனால் போயிற்று என்று பார்த்துப் பார்த்து அடுத்த கடையை வைத்தார்.

ஐந்து சென்ட்டில் லாபம் எப்படி?

இது எல்லோருக்கும் தோன்றும் கேள்வி. உல்வொர்த் வழி எளியது.

நடுவில் இருக்கும் தரகர்களை அவர் ஒதுக்கினார். சாமான் செய்யும் தொழிற்சாலைக்கே நேரில் போவார். ஒன்று இரண்டாக வாங்காமல் ஆயிரக்கணக்கில் வாங்குவார். ரொக்கமாகப் பணம் கொடுப்பார். மொத்தமாக வாங்கி ரொக்கம் கொடுக்கிறவருக்கு யார்தான் விலை குறைக்க மாட்டார்கள்? ஒரு சாமானில் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது. அது லட்சம் தடவை கிடைத்தால்? சிறு துளி பெரு வெள்ளம்.

ஒரு சமயம் பிலடெல்பியா நகரில் ஒரு வியாபாரி அவருக்குக் கண்ணாடி உருண்டைகளைக் காட்டினார். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் அலங்காரச் சாமான். ஜெர்மனியிலிருந்து வந்தது. இதை யார் வாங்கப் போகிறார்கள் என்று உல்வொர்த் தயங்கினார். அரை மனதோடு 25 டாலருக்கு வாங்கினார். இரண்டே நாளில் எல்லாம் விற்றுவிட்டது. அவர் அதை விடவில்லை. 1890-ல் ஐரோப்பாவுக்கே கப்பல் ஏறினார். அந்த உருண்டைகளைக் குடிசைகளில் ஊதிச் செய்யும் ஜெர்மன் கிராமத்தைத் தேடிப் போனார். பணக்காரர் வீட்டு அலங்காரம் ஏழை வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

1886-ல் நியூயார்க்கில் சேம்பர்ஸ் தெருவில் ஒரு சிறிய அறையை வாடகைக்கு எடுத்து, அதை ஆபீசாக வைத்துக்கொண்டார். கணக்கு எழுதுவது, சரக்கு வாங்குவது, கடிதம் போடுவது எல்லாம் அவரே. பின்னாளில் அவர் கட்டிய ஆகாய மாளிகைக்கும் அந்தத் தெருவுக்கும் சில நிமிட நடைதான்.

1909-ல் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் கடை திறந்தார். கடல் கடந்தும் வெற்றி கிடைத்தது. 1912-ல் தம்பி, உறவினர், நண்பர்கள் ஆகியோர் தனித்தனியே நடத்திவந்த கடைகளையும் தம்முடைய கடைகளையும் ஒரே கம்பெனியாகச் சேர்த்தார். மொத்தம் 596 கடைகள். மூலதனம் ஆறரைக் கோடி டாலர்.

அந்தக் கம்பெனியில் சேர்ந்தவர்களில் வில்லியம் மூரும் ஒருவர். மூன்று மாதம் சம்பளமில்லாமல் வேலை வாங்கிய அதே மூர்! கஷ்ட காலத்தில் கடன் கொடுத்தவரை உல்வொர்த் மறக்கவில்லை.

கடைப் பெண்கள்

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

உல்வொர்த் கடைகளில் விற்பனைக்கு நின்றவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். பேரம் இல்லை, விலை சொல்ல வேண்டியதில்லை. பொட்டலம் கட்டிக் காசு வாங்கினால் போதும். அதனால் அனுபவம் உள்ள ஆட்கள் அவருக்குத் தேவைப்படவில்லை. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தப் பெண்களுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று டாலர்தான் சம்பளம்.

குறைந்த விலைக்கு விற்க வேண்டுமானால் குறைந்த கூலிக்குத்தான் ஆள் வைக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கடை மானேஜர்களுக்குக் கடிதம் எழுதி இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பெற்றோர் வீட்டில் சாப்பாடு கிடைக்கும் பெண்களுக்கு இது போதும் என்று நினைத்தார்.

தாம் வாங்கிய மூன்றரை டாலர் வயிற்றுக்கே போன நாட்கள் அவருக்கு நினைவில் இருந்தன. அதை அவர் பெருமையாகச் சொல்வார். ஆனால் அந்த நினைவு, தம் கடையில் நின்ற பெண்களின் சம்பளத்தை உயர்த்தவில்லை.

கிறிஸ்துமஸ் சமயத்தில் கூட்டம் நெரியும். அப்போது வேலையாட்கள் கூலி உயர்வு கேட்டால் கடை நின்றுவிடும். 1899-ல் அவர் ஒரு ஏற்பாடு செய்தார். எத்தனை ஆண்டு வேலை செய்திருக்கிறார்களோ, ஆண்டுக்கு 5 டாலர் வீதம், 25 டாலர் வரை கிறிஸ்துமஸ் போனஸ் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது பெரிய காரியம்தான். வாரச் சம்பளம் மட்டும் குறைவாகவே இருந்தது.

பாறையைத் தேடி

1910-ம் ஆண்டு. உல்வொர்த்துக்கு வயது 58. தம் பெயர் என்றைக்கும் நிற்கும்படி ஒரு கட்டிடம் கட்ட நினைத்தார்.

காஸ் கில்பர்ட் என்ற புகழ் பெற்ற கட்டிடக் கலைஞரை அழைத்தார். லண்டன் பார்லிமெண்ட் கட்டிடத்தின் கோபுரம் உல்வொர்த்துக்கு மிகவும் பிடிக்கும். அந்தச் சாயலில் இருக்க வேண்டும் என்றார். முதலில் போட்ட திட்டத்தில் உயரம் குறைவாகத்தான் இருந்தது. அப்போது நியூயார்க்கில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கோபுரம் 700 அடி உயரத்தில் நின்றது. அதையும் மிஞ்ச வேண்டும் என்று உல்வொர்த்துக்கு ஆசை வந்தது. திட்டம் வளர்ந்து 792 அடி ஆயிற்று.

உயரமாகக் கட்டுவதற்கு முன் ஆழமாகப் போக வேண்டும். அந்த இடத்தில் மேலே எல்லாம் மணலும் நீரும். பாறை இருந்தது நூறு அடிக்கும் கீழே. தோண்டினால் தண்ணீர் வந்து நிரம்பும். என்ன செய்வது?

அடியில் மூடி இல்லாத பெரிய உருளைகளை மண்ணில் நிறுத்தினார்கள். உள்ளே காற்றை அழுத்தமாக அடைத்தார்கள். அந்தக் காற்று நீரை உள்ளே வர விடாது. ஆட்கள் அதற்குள் இறங்கி மண்ணைத் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட உருளை கீழே இறங்கும். பாறையைத் தொட்டதும் உள்ளே கான்கிரீட் போட்டு நிரப்பினார்கள். இப்படி 69 கால்கள் பாறைமேல் ஊன்றப்பட்டன.

ஆபத்தான வேலை அது. அழுத்தக் காற்றில் வேலை செய்கிறவர்கள் மெதுவாகத்தான் வெளியே வர வேண்டும். அவசரப்பட்டால் கைகால்கள் முடங்கும். உயிரே போவதும் உண்டு.

அந்தக் கால்கள்மேல் எஃகுக் கூடு எழுந்தது. 24,000 டன் எஃகு. ஒரு கோடியே எழுபது லட்சம் செங்கல். வெளிப்புறம் முழுவதும் சுட்ட களிமண் ஓடுகளைப் பதித்தார்கள். அந்தப் பாலாடை நிறம் அதனால் வந்தது.

உல்வொர்த் சும்மா இருக்கவில்லை. சின்னச் சின்னச் சாமானுக்குக்கூட விலை விசாரித்தார். பேரம் இல்லாத கடை நடத்தியவர், தம் கட்டிடத்துக்கு வந்த ஒவ்வொன்றுக்கும் பேரம் பேசினார்!

மொத்தச் செலவு ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் டாலர். அதை ஐந்து சென்ட் நாணயமாக எண்ணினால் 27 கோடி நாணயங்கள். கட்டிடத்தின்மேல் அடமானக் கடன் எதுவும் இல்லை. எல்லாம் ரொக்கம்.

விளக்குகள் எரிந்தன

1913-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி இரவு. நியூயார்க்கில் பூங்காவைச் சுற்றி ஜனத்திரள். 27-வது மாடியில் பெரிய விருந்து. நூற்றுக்கணக்கான பிரமுகர்கள் கூடியிருந்தார்கள்.

அப்போது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் உட்ரோ வில்சன். அவர் தலைநகர் வாஷிங்டனில் இருந்துகொண்டு ஒரு பொத்தானை அழுத்தினார். நியூயார்க்கில் அந்தக் கட்டிடத்தின் 80,000 விளக்குகளும் ஒரே சமயத்தில் எரிந்தன. மாடு படுத்த இடத்தில் கால் காய்ச்சிய பையனுக்காக நாட்டின் ஜனாதிபதி விளக்கேற்றினார்!

உல்வொர்த் தம் ஆபீசை 24-வது மாடியில் அமைத்துக்கொண்டார். நெப்போலியன்மேல் அவருக்குப் பக்தி. நெப்போலியன் அரண்மனையில் இருந்த அறையைப் போலவே தம் அறையையும் செய்துகொண்டார்.

கீழே முகப்புக் கூடம் இன்னும் அழகு. சலவைக் கல் சுவர்கள். மேல் விதானம் முழுவதும் வண்ணக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த சித்திர வேலை. அண்ணாந்து பார்த்தால் கோவிலுக்குள் நிற்பது போலத் தோன்றும். வியாபாரத்தின் தேவாலயம் என்றே ஒரு பாதிரியார் இதற்குப் பெயர் வைத்தார்.

அந்தக் கூடத்தின் மூலைகளில் வேடிக்கையான சிறு பொம்மைகள் உண்டு. ஒரு பொம்மை காஸ் கில்பர்ட். கட்டிடத்தின் மாதிரியை அணைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். இன்னொன்று உல்வொர்த். குனிந்துகொண்டு, ஐந்து சென்ட்டும் பத்து சென்ட்டுமாக நாணயங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்!

கடைசிக் காலம்

கட்டிடம் எழுந்தது. ஆனால் வீட்டில் இருள் சூழ்ந்தது.

மனைவி ஜென்னிக்கு நினைவு மங்கத் தொடங்கியது. ஏழ்மையில் கூட இருந்தவள். தையல் வேலை செய்தவள். அவளுக்கு இப்போது கணவனையே அடையாளம் தெரியாத நிலை. டாக்டர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1917-ல் நடு மகள் எட்னா இறந்தாள்.

நியூயார்க்குக்குப் பக்கத்தில் கடற்கரையோரமாக உல்வொர்த்துக்கு ஒரு சலவைக் கல் மாளிகை இருந்தது. அதில் தானாக வாசிக்கும் பெரிய ஆர்கன் வாத்தியம் வைத்திருந்தார். அதைப் பாட விட்டுத் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

பல் டாக்டர் என்றாலே அவருக்குப் பயம். பற்கள் கெட்டுப் போயிருந்தன. வலி தாங்க முடியாமல் கஞ்சியும் கூழுமாகச் சாப்பிடுவாரே தவிர, டாக்டரிடம் போக மாட்டார். கடைசியில் விஷம் உடம்பில் ஏறிவிட்டது. 1919-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி காலமானார். இன்னும் ஐந்து நாள் இருந்திருந்தால் 67 வயது நிறைந்திருக்கும்.

காசு கணக்கில் அவ்வளவு கண்டிப்பானவர், தம் புதிய உயிலில் கையெழுத்துப் போடாமலே போய்விட்டார். 1889-ல் எழுதிய பழைய உயில்தான் சட்டப்படி செல்லுபடி ஆயிற்று. அதன்படி சுமார் மூன்று கோடி டாலர் சொத்து முழுவதும் ஜென்னிக்கு வந்தது. தனக்குச் சொத்து வந்திருக்கிறது என்பதே அந்த அம்மாளுக்குத் தெரியாது. 1924-ல் அவரும் கண் மூடினார்.

அவருக்குப் பிறகு

கம்பெனி வளர்ந்தது. ஆனால் பழைய கணக்குகள் ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்தன.

1937-ல் டெட்ராயிட் நகரில் உல்வொர்த் கடைப் பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வேலையை நிறுத்தினார்கள். கடையை விட்டு வெளியே போகவும் மறுத்தார்கள். அங்கேயே சமைத்தார்கள்; அங்கேயே படுத்தார்கள். ஏழாம் நாள் கம்பெனி இறங்கி வந்தது. அவர்களுக்குக் கிடைத்த கூலி உயர்வு எவ்வளவு தெரியுமா? மணிக்கு ஐந்து சென்ட்!

1960 பிப்ரவரி 1-ந் தேதி கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் இன்னொரு சம்பவம். கறுப்பின மாணவர்கள் நான்கு பேர் உல்வொர்த் கடையில் சில சாமான்கள் வாங்கினார்கள். காசை வாங்கிக்கொண்டார்கள். பிறகு அதே கடையின் சிற்றுண்டிப் பகுதியில் போய் உட்கார்ந்தார்கள். வெள்ளையருக்கு மட்டுமே அங்கே உணவு என்று சொல்லிவிட்டார்கள். மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்தார்கள். நாளுக்கு நாள் கூட்டம் பெருகிற்று. மற்ற ஊர்களுக்கும் போராட்டம் பரவிற்று. ஜூலை 25-ந் தேதி அந்த மேசை எல்லோருக்கும் திறந்தது. விலை எல்லோருக்கும் ஒன்று என்று தொடங்கிய கடையில், நாற்காலியும் எல்லோருக்கும் ஒன்று என்பதற்கு 81 ஆண்டுகள் ஆயின.

காலம் மாறியது. ஊருக்கு வெளியே பெரிய பெரிய கடைகள் வந்தன. 1997-ல் அமெரிக்காவில் உல்வொர்த் கடைகளை மூடுவதாகக் கம்பெனி அறிவித்தது. மறு ஆண்டு ஆகாய மாளிகையையும் விற்றுவிட்டது.

கட்டிடம் மட்டும் அசையவில்லை. 2001 செப்டம்பர் 11-ந் தேதி சில தெருக்கள் தள்ளி இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோதும் இது பெரிய சேதம் இல்லாமல் நின்றது. மேல் மாடிகளைப் பின்னர் பெரும் பணக்காரர்கள் வாழும் வீடுகளாக மாற்றினார்கள். அங்கே ஒரு வீட்டின் விலை பல லட்சம் டாலர். முன்பெல்லாம் பொது ஜனங்கள் உச்சிக்கு ஏறி நகரத்தைப் பார்த்தார்கள். யுத்த காலத்தில், 1941-ல், அதை மூடியதோடு சரி. கீழ்க்கூடத்தை முன்கூட்டியே பதிவு செய்து வருகிறவர்களுக்கு வழிகாட்டியுடன் சுற்றிக் காட்டும் ஏற்பாடு பிற்காலத்தில் வந்தது.

அங்கே போகிறவர்கள் முதலில் விதானத்தின் தங்க நிற வேலையைத்தான் பார்க்கிறார்கள். பிறகு மூலையில் நாணயம் எண்ணும் சிறு பொம்மையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சின்னக் காசை இகழாதவர் பெரிய காரியம் செய்வார் என்பதற்கு அந்தப் பொம்மை சாட்சி. பொட்டலம் கட்டிக் கொடுத்த கடைப் பெண்களுக்கும், பாறையைத் தேடி நூறு அடி கீழே இறங்கியவர்களுக்கும் அந்தக் கூடத்தில் பொம்மை இல்லை. கட்டிடம் நிற்பது அவர்களுடைய உழைப்பின்மேலும்தான்.